பசுவின் மடி நலமும் நுண் ஆர்.என்.ஏ.க்களும்

பசு வைத்திருப்போர் பெரிதும் அஞ்சும் நோய்களுள் மடிநோய் தலையாயது. மடி சிவந்து வீங்கி, பால் திரிந்து, சில வேளை இரத்தங் கலந்து வரும் நிலையை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். அந்நிலை வந்துவிட்டால் கால்நடை மருத்துவரை அழைப்பதில் எவரும் தாமதிப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் முதன்மையாக எடுத்துக்கொண்டது கண்ணுக்குத் தெரியாத மடிநோயையே. மடியில் வீக்கம் இல்லை. பாலின் நிறத்தில் மாறுதல் இல்லை. பசு வழக்கம்போல் தீனி தின்கிறது. ஆயினும் மடியின் ஒரு பகுதியில் கிருமி குடிகொண்டு, நாள்தோறும் பால் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது. தீவனம் சரியில்லை என்றோ, பருவம் மாறியது என்றோ எண்ணி நாமும் இருந்துவிடுகிறோம். உண்மை தெரியவரும்போது அக்காம்பு பெரும்பாலும் பாழாகியிருக்கும்.

இருபது, முப்பது பசுக்கள் உள்ள பண்ணையில் ஒரு காம்பு போவது கணக்கில் ஒரு வரி. புழக்கடையில் ஒரே ஒரு பசுவைக் கட்டி வைத்து, தறியில் வேலையில்லாத மாதங்களை அதன் பாலைக் கொண்டே தள்ளும் நெசவாளர் குடும்பத்துக்கு அஃது அவ்வாறன்று. பால் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அன்றோடு போயிற்று. பசுவை விற்கலாம் என்று சந்தைக்கு ஓட்டிச் சென்றாலோ, தரகர் முதலில் கை வைத்துப் பார்ப்பது மடியைத்தான். ‘மூன்று காம்பு மாடு’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் விலை விழுந்துவிடும்.

இந்த மறைந்த நோய் எவ்வாறு மடியைக் கெடுக்கிறது, அதனை முன்னரே அறிய வழியுண்டா என்னும் வினாக்களுக்கு விடை தேடும் விஞ்ஞானிகள் அண்மைக் காலத்தில் புதியதொரு திசையில் திரும்பியுள்ளனர். உயிரணுக்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை அவர்கள் ஆராய்ந்து வருகின்றனர். பெயர் புதிதாயினும் பொருள் விளங்காதது அன்று. சற்றுப் பொறுமையோடு படித்தால் பால் கறக்கும் கையும் தறி இழுக்கும் கையும் ஒருங்கே புரிந்துகொள்ளக் கூடியதே.

மடியின் காவல்

முதலில் மடியின் அமைப்பைக் காண்போம். வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் மடி, உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகளாக அமைந்தது. ஒரு பகுதியில் சுரக்கும் பால் அடுத்த பகுதிக்குச் செல்வதில்லை. ஆகவேதான் ஒரு காம்பு கெட்ட பின்னும் மற்ற மூன்றும் நல்ல பால் தருகின்றன. ஒரு லிட்டர் பால் சுரப்பதற்கு ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியினூடே ஓடவேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். அத்துணை உழைப்பு நடக்கும் தொழிற்சாலைக்கு வாயில் மிகச் சிறியது. காம்பின் நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள துளைவழிதான் வெளி உலகுக்கும் மடிக்கும் இடையே உள்ள கதவு.

கறவை முடிந்தவுடன் இக்கதவு இறுக மூடிக்கொள்வதில்லை. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்நேரத்தில் பசு சாணத்திலோ ஈர மண்ணிலோ படுத்தால் கிருமிகள் எளிதில் உட்புகும். கறந்த கையோடு தீவனம் வைத்துப் பசுவை நிற்கச் செய்யவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

உட்புகும் கிருமிகள் இருவகைப்படும். ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ போன்றவை நோயுற்ற பசுவின் மடியிலிருந்து கறப்பவர் கை வழியாகவும் துணி வழியாகவும் மற்றப் பசுவுக்குத் தாவுவன. ‘ஈ. கோலை’, ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ்’ போன்றவை சாணத்திலும் படுக்கையிலும் இருந்து வருவன. இவற்றுள் ஈ. கோலை வந்தால் ஆரவாரத்தோடு வரும். மடி வீங்கும், காய்ச்சல் காணும். ஸ்டெஃபிலோகாக்கஸோ ஓசையின்றி வந்து, மடியின் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, மாதக்கணக்கில் தங்கிவிடவும் வல்லது.

கிருமி உள்ளே வந்ததும் மடியின் உட்சுவரில் உள்ள அணுக்கள் அதனை உணர்ந்து, சில இரசாயனப் பொருள்களை வெளிவிட்டு அபாய அறிவிப்புச் செய்கின்றன. இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் பாலுக்குள் விரைந்து வருகின்றன. நலமுள்ள மடியின் பாலில் ஒரு மில்லி லிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அம்மடியில் நோய் புகுந்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். வந்த வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. அவற்றைக் கொல்லும் நஞ்சுகளையும் கக்குகின்றன.

இவ்விடத்தில்தான் தொல்லை. அந்நஞ்சுகளுக்குக் கிருமி எது, பால் சுரக்கும் அணு எது என்னும் வேற்றுமை தெரியாது. திருடனைத் துரத்தி வந்த கூட்டம் விளைந்த பயிரை மிதித்துவிட்டுப் போவது போல, காக்க வந்த அணுக்களே பால் சுரக்கும் அணுக்களையும் அழித்துவிடுகின்றன. அழிந்த இடத்தில் நார்த்தசை வளர்ந்து இறுகிப்போகிறது. அங்கு மீண்டும் பால் சுரப்பதில்லை. மடிநோயால் நாம் இழக்கும் பாலில் ஒரு பகுதி கிருமியின் செயல்; மற்றொரு பகுதி பசுவின் சொந்தத் தற்காப்பின் விளைவு. தற்காப்பு தாமதித்தால் கிருமி வெல்லும். அளவு மீறினால் மடி கெடும். உரிய நேரத்தில் தொடங்கவும் உரிய நேரத்தில் நிறுத்தவும் கட்டளை இடுவார் ஒருவர் வேண்டும். அக்கட்டளை எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது கிடைத்த விடைகளுள் முக்கியமானவை நுண் ஆர்.என்.ஏ.க்கள்.

தறியிலிருந்து ஓர் உவமை

இதனை நம் நெசவாளர்களுக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் பூ வேலை நெய்வதற்கு முதலில் கட்டத்தாளில் டிசைன் எழுதப்படுகிறது. டிசைன்கள் அனைத்தும் கொண்ட மூலப் புத்தகம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கும். தறிக்கு வருவது அதனைப் பார்த்துக் குத்திய அட்டைகளே. அட்டை தறியில் ஏறினால் சேலை வருகிறது.

உயிரணுவிலும் இதே முறைதான். டி.என்.ஏ. என்பது மூலப் புத்தகம். அணுவின் நடுவே உட்கருவில் பத்திரமாக இருப்பது. பசுவின் இந்த முழுப் புத்தகத்தையும் படித்து 2009 இல் வெளியிட்டனர். புரதம் செய்வதற்கான குறிப்புகள் மட்டும் ஏறத்தாழ 22,000 அதில் உள்ளன. வேண்டிய குறிப்புக்கு மட்டும் படியெடுத்து வெளியே அனுப்பப்படும் அட்டையே தூது ஆர்.என்.ஏ. அதனைக் கொண்டு நெய்யப்படும் சேலை, புரதம். பாலின் கேசீனும் ஒரு புரதம்; கிருமி வந்ததும் மடி அணுக்கள் அனுப்பும் அபாய அறிவிப்புகளும் புரதங்களே.

இனி, தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்து அட்டையின் மேல் ஒரு சிறு சீட்டை ஒட்டுகிறார் என்று கொள்வோம். ‘இந்த வகை போதும், குறைத்துக்கொள்க’ என்பது சீட்டின் பொருள். சீட்டைக் கொண்டு எந்தச் சேலையும் நெய்ய முடியாது. அதில் டிசைன் ஏதும் இல்லை. ஆயினும் எந்தச் சேலை எத்தனை வரவேண்டும் என்பதை முடிவு செய்வது அதுவே. நுண் ஆர்.என்.ஏ. இத்தகைய சீட்டு. புரதம் எதனையும் ஆக்காது, தூது ஆர்.என்.ஏ.யின் கடைப்பகுதியில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் வேலையை நிறுத்துகிறது, அல்லது அந்த அட்டையையே கிழித்து எறியச் செய்கிறது.

இதன் நீளம் சுமார் 22 எழுத்துகளே. தூது ஆர்.என்.ஏ.க்களோ ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளமுள்ளவை. இந்த 22 எழுத்துகளிலும் முனையிலுள்ள ஆறேழு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். அதனால் ஒரே சீட்டு பல அட்டைகளுக்குப் பொருந்தும். ஓர் அட்டையின் மேல் பல சீட்டுகளும் ஒட்டலாம். முழுதும் நிறுத்துவது அரிது. பத்து நெய்யும் இடத்தில் ஏழாகவோ எட்டாகவோ குறைப்பதே இவற்றின் பொதுவான வேலை. ஒவ்வொரு குறைப்பும் சிறிது. ஒரே நேரத்தில் பல இடங்களில் நடப்பதால் கூட்டு விளைவு பெரிது. (புரதம் ஆக்காத சிறு ஆர்.என்.ஏ.க்களில் வேறு சில இனங்களும் உண்டு. மடியைப் பொறுத்தவரை மிகுதியாக ஆராயப்பட்டது ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ என்னும் இவ்வினமே ஆதலின், நாமும் இதனோடு நிற்கிறோம்.)

இதனைக் கண்டறிந்த வரலாறும் சுவையானது. அமெரிக்க விஞ்ஞானி விக்டர் ஆம்ப்ரோஸும் அவருடன் பணியாற்றியோரும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதன் வளர்ச்சியை நடத்தும் ‘லின்-4’ என்னும் குறிப்பு எந்தப் புரதத்தையும் ஆக்காமல் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் ஆக்குவது கண்டு வியந்தனர். அது மற்றொரு குறிப்பின் தூது ஆர்.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது என்பதைக் கேரி ருவ்குன் என்பார் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இவை 1993 இல் வெளிவந்தன. புழுவுக்கே உரிய விந்தை இது என்று பலரும் பொருட்படுத்தவில்லை. 2000 இல் ருவ்குன் ஆய்வகம் ‘லெட்-7’ என்னும் இரண்டாவதைக் கண்டு, அது மனிதன் உட்படப் பலவகைப் பிராணிகளிலும் மாறாமல் இருப்பதைக் காட்டிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 2024 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு புழுவின் வளர்ச்சியைப் பற்றிய வீண் ஆராய்ச்சி என்று அன்று எவரேனும் பணத்தை நிறுத்தியிருந்தால், இன்று பசுவின் மடியைப் பற்றி இதனை எழுத நமக்கு இடமிருந்திராது.

மடிக்குள் நடப்பது

கிருமி மடியில் புகுந்ததும் அணுவுக்குள் நடக்கும் செயல்களுள் ஒன்றை மட்டும் விரிவாகக் காண்போம். கிருமியின் வரவை உணர்ந்த அணுவில் ‘என்.எஃப். கப்பா-பி’ என்னும் புரதம் விழித்தெழுகிறது. இதனை அபாய மணி என்று கொள்ளலாம். மணி அடித்ததும் வீக்கத்தை உண்டாக்கும் பல பொருள்கள் உற்பத்தியாகின்றன. வெள்ளை அணுக்கள் அழைக்கப்படுகின்றன. வியப்பு என்னவெனில், இந்த மணியே ‘மிர்-146ஏ’ என்னும் நுண் ஆர்.என்.ஏ.யையும் உற்பத்தி செய்விக்கிறது. அது போய், மணியை அடிக்கும் கயிறுகள் போன்ற ‘ட்ராஃப்-6’, ‘ஐராக்-1’ என்னும் இரு புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்களில் ஒட்டிக்கொள்கிறது. அப்புரதங்கள் குறையவே மணியோசையும் தணிகிறது. இம்முறை 2006 இல் மனித அணுக்களில் கண்டறியப்பட்டது. பசுவின் மடி அணுக்களிலும் மிர்-146ஏ, ட்ராஃப்-6 ஐ அடக்குவது பின்னர்க் காணப்பட்டது. மணி அடிக்கும்போதே அதனை நிறுத்துவதற்கான ஏற்பாடும் உடன் தொடங்கிவிடுகிறது. நல்ல வாய்க்கால் மடையில் நீர் மிகுந்தால் தானே வழிந்தோடும் கலிங்கு இருப்பதை ஒக்கும் இது.

மற்றொன்று ‘மிர்-223’. இது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களில் மிகுதியாக இருப்பது. மடிநோயில் முதலில் ஓடிவருபவை இவ்வணுக்களே. மிர்-223 நீக்கப்பட்ட எலிகளில் இவ்வணுக்கள் கட்டுக்கடங்காமல் கொதித்தெழுவது 2008 இல் காட்டப்பட்டது. ஆகவே இதுவும் அடக்கி வைக்கும் இனத்தைச் சேர்ந்தது. ‘மிர்-155’ என்பதோ பொதுவாக வீக்கத்தை வளர்க்கும் பக்கத்தில் நிற்பது. இவ்வாறு தூண்டுவதும் தணிப்பதுமான சீட்டுகள் ஒரே மடிக்குள் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. மடி பிழைப்பதும் பாழாவதும் இவற்றின் சமநிலையைப் பெரிதும் பொறுத்தது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் புகுத்தப்பட்ட மடித்தசையில் மிர்-223 மிகுந்தும், மிர்-181ஏ, மிர்-16, மிர்-31 என்பவை குறைந்தும் இருக்கக் கண்டனர். அயர்லாந்தில் நடந்த ஆராய்ச்சியொன்றில் அதே கிருமியைப் பசுக்களின் மடியில் புகுத்தி, பாலிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் ஒருவகை வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டனர். 2014 இல் வெளியான அதன் முடிவு நம் நோக்கில் மிக முக்கியமானது. பாலிலிருந்து எடுத்த அணுக்களில் பெரும் மாறுதலும், இரத்தத்திலிருந்து எடுத்தவற்றில் சிறு மாறுதலுமே காணப்பட்டன. போர் நடக்கும் இடம் மடி. அதன் செய்தி முதலில் கிடைப்பதும் பாலில்தான். பசுவின் கழுத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதைவிட, அன்றாடம் நம் பாத்திரத்தில் விழும் பாலைப் பார்ப்பதே மேல் என்றாகிறது.

அதே 2014 இல் கனடாவில் இன்னொரு வகையில் சோதித்தனர். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மடி அணுக்களின் மேல், சூட்டால் கொல்லப்பட்ட ஈ. கோலையையும் ஸ்டெஃபிலோகாக்கஸையும் தனித்தனியே இட்டுப் பார்த்தபோது, இரண்டுக்கும் எழுந்த நுண் ஆர்.என்.ஏ. மாறுதல்கள் ஒன்றாக இல்லை. வந்தவன் யார் என்பதற்கேற்ப மடி தன் சீட்டுகளை மாற்றி எழுதுகிறது. இது பிற பசுக்களிலும் பிற நிலைகளிலும் உறுதிப்பட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்க நாட்கணக்கில் காத்திராமல் அதன் இனத்தை உணரவும், வேண்டாத இடத்தில் மருந்து குத்துவதைத் தவிர்க்கவும் கூடும்.

பால் சொல்லும் செய்தி

ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் பொருள். அவ்வாறிருக்க, அது பாலில் எவ்வாறு நிலைத்திருக்கிறது என்னும் ஐயம் எழும். மடி அணுக்கள் ‘எக்ஸோசோம்’ எனப்படும் மிக நுண்ணிய கொழுப்புறைக் குமிழிகளைப் பாலில் விடுகின்றன. அவற்றுள் பொதிந்திருக்கும் நுண் ஆர்.என்.ஏ., அமிலத்தாலும் ஆர்.என்.ஏ.யை அரிக்கும் நொதியாலும் எளிதில் அழிவதில்லை. இதனை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012 இல் காட்டினர். சீம்பாலில் இவை பிந்திய பாலைவிட மிகுதியாக இருப்பதையும் அவர்களே கண்டனர். பாலில் இத்தகைய பொருள் இருக்கிறது என்று கேட்டு எவரும் மருள வேண்டுவதில்லை. அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் ஆர்.என்.ஏ. உண்டு.

2015 இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், ஸ்டெஃபிலோகாக்கஸ் புகுத்துவதற்கு முன்னும் 48 மணி நேரத்துக்குப் பின்னும் எடுத்த பாலின் குமிழிகளை ஒப்பிட்டனர். மிர்-142-5பி, மிர்-223 ஆகிய இரண்டும் நோயின் தொடக்கத்தை அறிவிக்கும் அடையாளங்களாகப் பயன்படக்கூடும் என்று அவர்கள் முடிவு செய்தனர். 2017 இல் ஜப்பானில், மடிநோய்ச் சோதனையில் தேறாத பாலில் மிர்-21, மிர்-146ஏ, மிர்-155, மிர்-222, மிர்-383 ஆகிய ஐந்தும் மிகுந்திருப்பதைக் கண்டனர்.

அங்கே அவர்கள் அளவுகோலாகக் கொண்ட சோதனை எது என்று பார்த்தால், நம் கால்நடை மருத்துவர்கள் கையில் உள்ள அதே கலிபோர்னியா சோதனைதான். 1957 இல் ஷால்ம், நூர்லாண்டர் என்னும் இருவர் வெளியிட்ட முறை அது. நான்கு குழிகள் உள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே சிறிது பீய்ச்சி, சம அளவு மருந்துநீர் விட்டு, பத்து விநாடி சுழற்றிப் பார்க்கவேண்டும். நல்ல பால் நீராகவே ஓடும். நோயுள்ள காம்பின் பால் வழவழவென்று கோந்து போலத் திரளும். திரள்வது எது தெரியுமா? மருந்துநீர் வெள்ளை அணுக்களை உடைக்க, அவற்றின் உள்ளிருந்து வெளிப்படும் டி.என்.ஏ.தான் அவ்வாறு கோந்தாகிறது. மூலப் புத்தகமே தட்டில் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லலாம். எத்தனை காவலர் வந்து குவிந்தனர் என்பதைத் தட்டு காட்டுகிறது. அவர்கள் எந்தக் கட்டளையின் கீழ் நிற்கின்றனர், போர் தணிகிறதா முற்றுகிறதா என்பதைக் காட்ட வல்லது நுண் ஆர்.என்.ஏ. ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இவற்றைக் கருதுவது பொருந்தாது.

செலவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தட்டுச் சோதனை தொழுவத்திலேயே ஒரு நிமிடத்தில் முடிவது. நுண் ஆர்.என்.ஏ.யை அளப்பதற்கோ பாலிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். என்னும் கருவியில் பெருக்கிப் பார்க்கவேண்டும். பயின்ற ஆட்களும் குளிர்சாதனமும் வேண்டும். மேலும், சீட்டுகளின் அளவு நோயால் மட்டும் மாறுவதில்லை. ஈன்று எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தும் மாறும். மேற்கூறிய ஆராய்ச்சிகள் பலவும் சில பசுக்களை மட்டும் வைத்து, பெரும்பாலும் ஹோல்ஸ்டீன் இனத்தில் நடத்தப்பட்டவை. ஓர் ஆய்வகத்தில் மிகுந்து காணப்பட்டது இன்னோர் ஆய்வகத்தில் அவ்வாறு காணப்படாததும் உண்டு. நம் கலப்பினப் பசுவுக்கும் எருமைக்கும் இயல்பான அளவு எது என்று வரையறுத்த பின்னரே எந்த அளவு நோய் என்று சொல்ல இயலும். ஆகவே தொழுவத்தில் அன்றாடம் பயன்படும் சோதனையாக இஃது இன்னும் வரவில்லை. ஆர்.என்.ஏ. என்ற பெயரைச் சொல்லி எவரேனும் மடிநோய்க்குத் தூளோ ஊசியோ விற்க வந்தால், கால்நடை மருத்துவரைக் கேளாமல் காசு கொடுக்கவேண்டா.

மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணமும் விஞ்ஞானிகளுக்கு உண்டு. தணிக்கும் சீட்டை மடிக்குள் செலுத்தி வீக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர்கள் நோக்கம். நமக்கு இதில் சிறிது தயக்கமே. ஒரே சீட்டு பல அட்டைகளுக்குப் பொருந்தும் என்று முன்னர்க் கூறினோம். ஒன்றை நிறுத்தப் போய் வேண்டிய மற்றொன்றையும் நிறுத்திவிடுமானால், கிருமி இருக்கும்போதே காவலைக் கலைத்ததாக முடியும். இனவிருத்தியில் இவ்வறிவு பயன்படும் என்பதை நாம் கூடுதலாக நம்புகிறோம். நார்வே நாட்டினர் 1978 முதல் மடிநோய் வராத தன்மையையும் பார்த்துக் காளைகளைத் தேர்ந்து வருகின்றனர். அத்தன்மை தாயிடமிருந்து கன்றுக்கு இறங்குவது குறைந்த அளவிலேயே என்பதால் முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. எந்தப் பசுவின் மடி விரைவில் விழித்து விரைவில் தணிகிறது என்பதை நுண் ஆர்.என்.ஏ.க்களின் வாயிலாக அறிய முடிந்தால் தேர்வு எளிதாகும்.

சங்கங்கள் இப்பொழுதே செய்யத்தக்கது

மறைந்த மடிநோய் நம் கண்ணில் படாமைக்குக் கிருமி மட்டும் காரணம் அன்று. நம் கொள்முதல் முறையும் ஒரு காரணம். பால் சங்கங்களில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து விலை தருகிறோம். அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நான்கு காம்பின் பாலும் ஒரே செம்பில் கலந்து, பல வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்துவிட்டால், ஒரு காம்பின் நோய் எங்கே தெரியப்போகிறது? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மொத்தப் பாலில் மில்லி லிட்டருக்கு 4 லட்சம் அணுக்களுக்கு மேல் இருக்கலாகாது என்னும் வரம்பு உண்டு. அவ்வரம்பை நாளையே நம்மூரில் கொண்டுவருக என்று நாம் சொல்லவில்லை. வந்தால் முதலில் வெளியே நிற்பது ஒற்றைப் பசு வைத்திருப்பவர்தாம்.

ஆயினும் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கறவைப் பசுவுக்கும் தட்டுச் சோதனை செய்து, காம்பு வாரியாகக் குறித்து வைப்பது எந்தச் சங்கத்துக்கும் இயலாத காரியம் அன்று. இதில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. சோதனையில் குறை கண்ட அங்கத்தினருக்கு விலையில் பிடித்தம் செய்தால், அடுத்த மாதம் அவர் பசுவைக் காட்டமாட்டார். நோயுள்ள காம்பின் பாலைத் தனியே கறந்து ஒதுக்கி வைத்து, மருந்து போட்ட நாட்களில் மருத்துவர் குறித்த கெடு முடியும்வரை அப்பசுவின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் இருப்பவர், தம் நட்டத்தைத் தாமே சுமக்கிறார். அவர் ஊற்றியிருந்தால் மருந்து கலந்த அந்தப் பாலால் கேன் முழுவதும் கெட்டிருக்கும். உறை ஊற்றினால் தயிர்கூடத் தோயாது. ஊரார் பாலைக் காத்தவருக்குச் சங்கம் தன் பொதுநல நிதியிலிருந்து அந்நாட்களுக்கு ஒரு சிறு ஈடு தருவதே முறை என்பது நம் கருத்து. நிதி இல்லை என்போர், ஒரு கேன் பால் திரும்பி வந்தால் ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

கறக்கும் வீட்டில் செய்யவேண்டியவை பழைய செய்திகளே. கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்பாலைத் தரையில் பீய்ச்சலாகாது. மடியைக் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும். ஒரு மாட்டுக்குப் பயன்படுத்திய துணியை மற்றொன்றுக்கு எடுக்கலாகாது. கறந்த பின் காம்பு நுனியை மருத்துவர் சொல்லும் கிருமிநாசினியில் தோய்க்கவேண்டும். பல பசுக்கள் இருந்தால் கன்னி ஈற்றுப் பசுக்களை முதலிலும், முன்பு மடிநோய் கண்டவற்றைக் கடைசியிலும் கறக்கவேண்டும். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. மடியில் வலியும் காய்ச்சலும் கண்டால் அதனோடு நின்றுவிடாமல் மருத்துவரை அழைக்கவேண்டும்.

சோதனைத் தட்டு ஒன்றும் மருந்துநீர்ப் புட்டி ஒன்றும் சங்கத்தில் இருந்தால் ஊர் முழுவதற்கும் போதும். ஒரு பசுவைச் சோதித்ததும் தட்டை நன்றாகக் கழுவி உதறிவிட்டே அடுத்த தொழுவத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். ஈன்ற முதல் வாரத்தில் நலமுள்ள பசுவின் பாலும் தட்டில் திரளக்கூடும். ஆதலால் அவ்வாரம் கழித்தே சோதிப்பது நன்று.